எட்டு மைக்ரான்

மிஷின் விக்க வந்த மூணு பேரையும் ஏன் திருப்பி அனுப்புனேன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதானுங்க. நாலாவதா வந்தவரு நீங்க. முன்னாடி வந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம மிஷின ஓட்டிக் காட்டுனா நாளைக்கு உங்களுக்குத்தான் வருத்தம். மொதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூலு வேண்டாம், அது ஆடும். ஒரு காலு ரெண்டு எம்எம் கட்டை. குவாலிட்டி டிபார்ட்மெண்ட்ல ஆடற ஸ்டூலு வெச்சிருக்கீங்களேன்னு போன தடவ வந்த ஆடிட்டர் கேட்டாரு. ஆடும்னு தெரிஞ்சு வெச்சிருக்கறது தப்பில்லீங்க, ஆடாதுன்னு நெனச்சு வெச்சிருக்கறதுதான் தப்புன்னேன். அத நோட்ல எழுதிக்கிட்டுப் போனாரு.

இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குதுங்களே. உங்க மிஷினு ஏசி ரூமுல இருபது டிகிரிக்கு வரோணும், என்ற பீஸும் வரோணும். உங்காளு பக்கத்துல காவலுக்கு நிக்கறாரு. அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் இங்க சூட்டுலயே இருக்கலாம், நம்மள ஆரும் அளக்கப்போறதில்ல.

நான் சென்னியப்பனுங்க. கார்டுல குவாலிட்டி இன்சார்ஜ்னு போட்டிருக்கும். கடைசல் பட்டறைல தூசி கூட்டறதுக்குத்தான் வந்தேன். பகல்ல வேலை, சாயங்காலம் ஆறரைல இருந்து ஒம்போதரை வரைக்கும் பார்ட் டைம் டிப்ளமா. நாலு வருசம். வகுப்புல முக்காவாசிப் பேரு தூங்குவாங்க, நான் கண்ணத் தொறந்துட்டே தூங்குவேன். ஆனா ஒரு பாடம் மட்டும் முழிச்சிருந்து கேட்டனுங்க. அளவியல். பரீட்சைல பத்து மார்க் கேள்வி ஒண்ணு வந்துது, அளவுல தப்பு எங்கிருந்தெல்லாம் வரும், எழுதுகன்னு. எழுதுனேன். ஒண்ணு, கருவியில இருந்து வரும். ரெண்டு, சுத்துப்பக்கத்துல இருந்து வரும், சூடு, தூசி, அதிர்வு இப்படி. மூணு, அளக்கற ஆள்கிட்ட இருந்து வரும். படம் கூடப் போட்டேன். ஒம்போது மார்க் போட்டாங்க. அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. கையெழுத்துக்குக் கொறச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

செரி, மிஷின் கதைக்கு வர்றேன்.

நாங்க பண்றது பம்புக்கு உண்டான ஷாஃப்ட்டுங்க. பேரிங் உக்கார்ற எடத்துல இருபத்தஞ்சு எம்எம் விட்டம். அதுக்கு மேல ஒரு மைக்ரான் கூடாது. கீழ பதிமூணு மைக்ரான் வரைக்கும் கொறையலாம், பதினாலு ஆச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான். மைக்ரான்னா உங்களுக்குத் தெரியும். மொதலாளி சம்சாரம் ஒருக்கா கேட்டாங்க, உங்க தலைமுடி ஒண்ண நீளவாக்குல எழுவதாக் கிழிச்சா அதுல ஒரு துண்டுங்கன்னேன். அதுக்கப்பறம் அந்தம்மா ஃபேக்டரிப் பக்கமே வர்றதில்ல.

அளக்கறது எப்படின்னா, பழைய முறைதானுங்க. ஸ்டாண்டுல ஒரு டயல். மாஸ்டர் பீஸுன்னு செரியா இருபத்தஞ்சு எம்எம்ல ஒரு எஃகு உருளை, அத அடில வெச்சு முள்ளப் பூஜ்யத்துக்குக் கொண்டு வரோணும். மாஸ்டர எடுத்துட்டு ஷாஃப்ட்ட வெச்சா, மாஸ்டர விட இது எவ்வளவு கம்மின்னு முள்ளு சொல்லிப்போடும். அப்ப எல்லாமே அந்த மாஸ்டர வெச்சுத்தான். அது இருபத்தஞ்சுன்னா இருபத்தஞ்சு. இந்தக் கம்பெனில எல்லாத்தையும் அளக்கறது அது, அத அளக்கறது இங்க வழக்கமில்ல. அதுதானுங்க இப்ப உங்க ஏசி ரூமுல உக்காந்திருக்குது. பதினேழு வருசமா என்ற டிராயர்ல இருக்குது. சாவி என்ற அரணாக்கயித்துல.

சிரிக்காதீங்க. ஆராவது எடுத்துக் கீழ போட்டுட்டா என்ன பண்றது?

சித்திரைலதான் வெனை ஆரம்பிச்சுது. ஷாஃப்ட் வாங்கற மெட்ராஸ் கம்பெனில இருந்து ஒரு லோடு திரும்பி வந்துது. அளவு கம்மி, பேரிங் லொடலொடங்குதுன்னு சீட்டு. நான் டயல்ல வெச்சுப் பாக்கறேன், எல்லாம் சுத்தமா இருக்குது. ஏழு கம்மி, ஒம்போது கம்மி, பத்து கம்மி. பதிமூணத் தாண்டவே இல்ல. அவனுக மிஷின் கெட்டுருச்சுன்னு பதில் போட்டேன். வைகாசில இன்னொரு லோடு வந்துது. ஆனில மொதலாளியே நேர்ல வந்தாரு.

எங்க மொதலாளி வெள்ளிங்கிரி நல்ல மனுசனுங்க. சத்தம் போட மாட்டாரு. வந்து நின்னு பீஸ எடுத்துப் பாத்துட்டு, சென்னியப்பா, ஆடி போயி ஆவணிக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு, இல்லீனா ஆர்டர் வேற பக்கம் போயிரும்னாரு. அவ்வளவுதான். போனப்பறம் பாத்தா எனக்கு வேர்த்திருக்குது.

அப்பத்தான் அந்தப் பத்து மார்க் கேள்விய எடுத்தேன். கருவி: டயலக் கழட்டி லேபுக்கு அனுப்புனேன், நல்லா இருக்குதுன்னு சர்டிஃபிகேட்டோட வந்துது. சுத்துப்பக்கம்: ஜன்னலை அடைச்சேன், மேசைக்கு அடில ரப்பர் போட்டேன். ரெண்டும் செரி. அப்ப மிச்சம் இருக்கறது மூணாவது. ஆளு.

ஆளுன்னா ரங்கமணி. டயல் மேசைல எட்டு வருசமா அந்த அம்மிணிதானுங்க. காரமடைல இருந்து ரெண்டு பஸ் மாறி வருது. வூட்டுக்காரரு தறி ஓட்டிட்டிருந்தாரு, முதுகு போயி ரெண்டு வருசமா வூட்டுல இருக்காரு. இந்தச் சம்பளத்துலதான் குடும்பம் ஓடுது. ஒரு நாளைக்கு நானூறு பீஸு பாக்கும். ஒரு நாள் லேட்டா வந்ததில்ல. நல்ல அம்மிணிதான், நான் இல்லீங்கல. ஆனா கை கனம்.

கை கனம்னா, பீஸ வெக்கறப்ப அழுத்தறது. முள்ளு நகந்துரும். எப்படிக் கண்டுபுடிச்சேன்னு கேக்கறீங்களா? வேற என்ன இருக்க முடியும், அதுதான். மிச்சம் ரெண்டையும் நாந்தான் பாத்துட்டனே.

அதுக்கும் முன்னாடியே அது ஒரு தகராறு பண்ணிக்கிட்டிருந்துதுங்க. தகராறுன்னா, வந்து மெதுவாத்தான் சொல்லும். மைக்ரோமீட்டர்ல பாத்தா பீஸு எட்டு மைக்ரான் சின்னதாக் காட்டுதுங்கண்ணா, டயல்ல பாத்தா நல்லாருக்குதுங்கண்ணான்னு. தை மாசத்துல இருந்தே சொல்லிட்டிருந்துது. மைக்ரோமீட்டர்ல திருகறது நீதானே அம்மிணி, கை கனம், லேசாத் திருகுன்னேன். அதுக்கு அது ஒண்ணு கேட்டுது பாருங்க.

"கை கனம்னா ஒரு பீஸுக்குக் கூட, ஒரு பீஸுக்குக் கம்மியா இருக்குமில்லீங்கண்ணா? எல்லாத்துலயும் ஒரே எட்டு எப்படி வரும்?"

கனமான கை எப்பவும் கனமாத்தானே இருக்கும்னேன். அது போயி அடுத்த பீஸ எடுத்து வெச்சுது. ஒத்துக்கிச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

டீ ஆறுதுங்க, எடுங்க. எங்க கேண்டீன் டீ சூட்டோட குடிச்சாத்தான் தொண்டைல எறங்கும்.

அப்பத்தான் மொதலாளி, ஆளுக கையே படாம அளக்கற மிஷின் ஒண்ணு வாங்கிரலாம், நீயே பாத்து ஒண்ணத் தேர்ந்தெடுன்னாரு. எனக்குச் சந்தோசம். பதினேழு வருசத்துல மொதத் தடவயா எனக்குப் புடிச்சத வாங்கச் சொல்றாரு. ஆனா கம்பெனிக்காரங்க காட்டற காயிதத்த நம்பப்படாது பாருங்க. காயிதத்துல எல்லா மிஷினும் நல்லதுதான். அதனால நான் ஒரு பரீட்சை வெச்சேன். வர்றவங்க ஆரா இருந்தாலும் செரி, என்ற மாஸ்டரத்தான் மொதல்ல அளந்து காட்டோணும். இருபத்தஞ்சு காட்டற மிஷினு உள்ள வரும், காட்டாதது வண்டியேறும். இதவிட நியாயமான பரீட்சை உண்டுங்களா?

மொதல்ல வந்தது பெங்களூருக்காரரு. டை கட்டி இருந்தாரு. கருங்கல்லு மேசை மேல ஒரு கை எறங்கி, கோழி கொத்தற மாதிரி பீஸத் தொட்டுத் தொட்டு அளக்கற மிஷினு. பாக்க அழகா இருந்துதுங்க. என்ற மாஸ்டர வெச்சாரு. இருபத்திநாலு புள்ளி ஒம்போது ஒம்போது ரெண்டு. எட்டு மைக்ரான் கம்மி. இன்னொருக்கா கொத்தச் சொன்னேன். அதே எட்டு. சார், உங்க பீஸு சின்னதா இருக்குமோன்னாரு. டீ சொன்னேன். குடிச்சுட்டுக் கெளம்பிட்டாரு.

ரெண்டாவது, தொடவே தொடாத மிஷினு. வெளிச்சத்த அடிச்சு நெழல அளக்கறது. கூட வந்தது ஒரு பொண்ணு, சூட்டிகையான பொண்ணு, கேள்வியாக் கேட்டுத் தள்ளுச்சு. அதுலயும் அதே எட்டு மைக்ரான் கம்மி. பாத்தீங்களா, தொட்டு அளந்தாலும் அதே தப்பு, தொடாம அளந்தாலும் அதே தப்பு. ரெண்டு கம்பெனியும் ஒரே எடத்துல பாடம் படிச்சிருப்பாங்கன்னு எனக்குப் பட்டுது. அந்தப் பொண்ணு, இந்த பீஸுக்கு சர்டிஃபிகேட் இருக்குதுங்களா சார்னு கேட்டுது. இல்லாம என்னன்னு எடுத்துக் காட்டுனேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சார், இதுல இருக்கற நம்பர் வேற, பீஸுல இருக்கற நம்பர் வேற" ன்னுது.

அது என்னன்னா, மாஸ்டர் எங்ககிட்ட ரெண்டு இருக்குதுங்க. ஒரே நாள்ல வாங்குனது, அண்ணந்தம்பி. ஒண்ணு என்ற டிராயர்ல வேலை பாக்குது. இன்னொண்ணு பெட்டிக்குள்ள, மொதலாளி பீரோவுல. வருசா வருசம் லேபுக்காரங்க வந்து அந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போயி, பாத்து, சீல் வெச்சு, இருபத்தஞ்சேன்னு சர்டிஃபிகேட்டோட கொண்டாந்து குடுப்பாங்க. ஆடிட்டர் வந்தா சீலக் காட்டுவோம். பிரிச்சுட்டா சீல் போயிருமில்லீங்க, அதனால இதுவரைக்கும் பிரிச்சதில்ல. வேலை பாக்கறது ஒண்ணு, சர்டிஃபிகேட் வாங்கறது ஒண்ணு. எந்த ஆபீஸுல அப்படி இல்ல, சொல்லுங்க.

என்றத ஏன் லேபுக்கு அனுப்பலைன்னா, மொதக் காரணம், அத அனுப்பிட்டா அந்தப் பத்து நாளைக்கு வேலை நின்னுரும். ரெண்டாவது, தெனம் பக்கத்துலயே இருக்கற சம்சாரத்த, நீ அவதானான்னு ஆதார் கார்டு கேக்க முடியுங்களா?

மூணாவதா வந்தாரு பூனாக்காரரு. காத்து ஊதி அளக்கறது. ஒரு வளையத்துக்குள்ள பீஸ விட்டா, சந்துல காத்து எவ்வளவு போவுதுன்னு பாத்துச் சொல்லிரும். உஸ்ஸுன்னு சத்தம் வேற, ஃபேக்டரிக்கே ஆஸ்துமா வந்த மாதிரி. அதுல ஒம்போது மைக்ரான் கம்மி. எனக்குச் சந்தோசந் தாங்கல. பாருங்க மொதலாளி, மொத ரெண்டு பேரு எட்டுன்னாங்க, இவன் ஒம்போதுங்கறான், அவங்களுக்குள்ளயே ஒத்து வரலைன்னேன். மொதலாளி எந்திரிச்சுப் போயிட்டாரு. அடுத்த வாரம் என்ன ஒரு வார்த்த கேக்காம உங்களுக்குப் போனப் போட்டுட்டாரு.

உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்க மிஷினு இருபத்தஞ்சு காட்டுச்சுன்னா மொத ஆளா நான் கையெழுத்துப் போடுவேன்.

இன்னைக்கே முடியோணும் வேற. மெட்ராஸ்ல இருந்து ஒரு ஃபாரம் வந்திருக்குது. சட்டப் பைலதான் இருக்குது, பாருங்க. ரெண்டு கட்டம். தப்புக்குக் காரணம் என்ன, எடுத்த நடவடிக்கை என்ன. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பலைன்னா ஆர்டர் ரத்து. மூணு தடவ அடிச்சு அடிச்சு எழுதுனேன். காரணம்: அளவு பார்த்த பணியாளர் ஆர். ரங்கமணியின் கை அழுத்தம். நடவடிக்கை: மேற்படி பணியாளர் பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்பட்டார், மாதக் கடைசியில் பணியிலிருந்து நிறுத்தப்படுவார். நல்லா அமைஞ்சிருக்குதுங்களா? பேக்கிங்குல ஏற்கெனவே ஆளு அதிகம், அங்க நிரந்தரமா வெக்க முடியாது. மொதலாளி, உனக்கு நிச்சயமாத் தெரியுமா சென்னியப்பான்னு ரெண்டு தடவ கேட்டாரு. தெரியுமுன்னேன். அப்ப நீயே கையெழுத்துப் போட்டுக் கொண்டான்னுட்டாரு.

கையெழுத்து இன்னும் போடல. பேனா எழுதல. ஒரு வாரமா எழுதல.

அந்த அம்மிணிக்குத் தெரியுங்க. நானே சொல்லிட்டேன், பின்னாடி பேசறது எனக்கு ஆவாது. அழுவும்னு நெனச்சேன். அழுவல. அட்டப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டே, செரிங்கண்ணான்னுது. அப்பறம், "வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை நீங்க அந்தத் தட்டு வெப்பீங்களேண்ணா, இனி அத ஆரு எடுத்து வெப்பாங்க?" ன்னுது. இந்த நேரத்துல கேக்கற கேள்வியா அது? எனக்கு ஒண்ணும் புரியல.

தட்டா? அது பூசைத் தட்டுங்க. இன்னைக்குக் கூட வெள்ளிக்கெழமைதானே. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாஸ்டர எடுத்து, தட்டுல வெச்சு, தொடச்சு, ஒரு கற்பூரம். ஆயுத பூசைன்னா சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. நடுவுல அதுதான் இருக்கும், சுத்தித்தான் மத்த மிஷினெல்லாம். வெளையாட்டில்லீங்க, இந்தக் கம்பெனிக்குச் சோறு போடறது அது. இன்னைக்கு உங்க ரூமுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கூட நல்லாத் தொடச்சுத்தான் அனுப்புனேன். முகம் பாக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

எதுல தொடைப்பேன்னா?

அங்கதான் என்ற மூளைய நீங்க பாக்கோணும். துணில தொடச்சா நூலு ஒட்டும். எண்ணெயப் போட்டா பிசுக்கு, பிசுக்கும் ஒரு மைக்ரான் இருக்குமில்ல. கைவேர்வை பட்டா துரு புடிக்கும். ரொம்ப யோசனை பண்ணிக் கண்டுபுடிச்சேன். திருநீறுங்க. பழனித் திருநீறு. பவுடர் மாதிரி நைசா இருக்கும். ரெண்டு வெரல்ல எடுத்துப் போட்டு, சுத்திச் சுத்தி ஒரு நூறு தேய் தேச்சமுன்னா, பிசுக்கு, கறை, ஒண்ணு நிக்காது. சாமிக்குச் சாமியும் ஆச்சு, சுத்தத்துக்குச் சுத்தமும் ஆச்சு. பதினேழு வருசமா ஒரு வெள்ளிக்கெழமை விட்டதில்ல. எங்கப்பா செத்த வெள்ளிக்கெழமை மட்டும் விட்டேன், அதச் சனிக்கெழமை தேச்சுட்டேன்.

ஏனுங்க, டீயக் கீழ வெச்சுட்டீங்க?

நம்பிக்கை இல்லீனா எங்கூட்டுக்கு வந்து பாருங்க. எனக்கு இந்த யோசனை வந்ததே அங்கிருந்துதான். எங்கூட்டுக்காரி கல்யாணத்துக்குக் கொண்டாந்த காமாட்சி வெளக்கு, அதையும் அவ அதே திருநீறு போட்டுத்தான் தேப்பா. வெள்ளி தோத்துரும், அப்படி மின்னும். ஆரு வந்தாலும் அந்த வெளக்கத்தான் பாப்பாங்க. நடுவுல லட்சுமி, ரெண்டு பக்கமும் ரெண்டு யானை. கல்யாணத்தப்ப யானைக்குக் கண்ணு, தந்தம், தும்பிக்கைல சுருக்கம் வரைக்கும் இருந்துதுங்க. இப்ப ரெண்டும் ரெண்டு புளியங்கொட்டை மாதிரி ஆயிருச்சு. லட்சுமிக்கு மூக்கே கெடையாது. போன பொங்கலுக்கு நாங்கூட அவளக் கேலி பண்ணுனேன், இப்படியே தேச்சேன்னா அடுத்த வருசம் வெளக்கே

...

இருங்க.

ஒண்ணுமில்லீங்க. ஒரு கணக்கு. வருசத்துக்கு அம்பது வெள்ளிக்கெழமைன்னு வெச்சுக்குங்க. பதினேழு வருசம். எண்ணூத்தி அம்பது. ஒவ்வொண்ணுக்கும் நூறு தேய்.

எட்டு மைக்ரான்.

நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். எனக்கு மொகத்தப் பாத்தாத் தெரியும். அப்பலிருந்து சொல்லாமத்தானே உக்காந்திருக்கீங்க.

அப்ப அந்தப் பீஸு இருபத்தஞ்சு இல்ல. அதுல வெச்சுப் பூஜ்யம் பண்ணுனா, பூஜ்யமே எட்டு கம்மி. முள்ளு ஒம்போது கம்மின்னு காட்டுனா நெசத்துல பதினேழு கம்மி. மெட்ராஸ்காரன் மிஷினு நல்லாத்தான் இருந்திருக்குது. டை கட்டுனவரு சொன்னதும் செரி. அந்தப் பொண்ணு நம்பர் வேறன்னுதே, அதுவும் செரி. எல்லாத்துலயும் ஒரே எட்டு எப்படி வரும்னு ஒருத்தி கேட்டாளே, தை மாசமே கேட்டாளே. கனமான கை எப்பவும் கனமாத்தான் இருக்கும்னு சொன்னேன் பாருங்க. கை கனந்தான். கை ஆரோடதுங்கறதுதான் தப்பாப் போச்சு.

தட்ட இனி ஆரு எடுத்து வெப்பாங்கன்னுதே. எட்டு வருசமா எதுத்தாப்பல உக்காந்து நான் தேய்க்கறதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்திருக்குது. மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்லும்? பூசை பண்ற ஆள்கிட்டப் போயி, நிறுத்துங்கண்ணான்னு சொல்ல முடியுங்களா?

வா அம்மிணி. ஏன் வாசல்லயே நிக்கற. சாரு நம்ம ஆளுதான், சொல்லு.

"மொதலாளி கூப்பிடறாருங்கண்ணா. ரூமு இருபதுக்கு வந்துருச்சாம். பீரோவுல இருந்த பெட்டியும் அங்கதான் இருக்குதுங்க. காலைலயே பிரிச்சு உங்க பீஸுக்குப் பக்கத்துல வெச்சாச்சு. ரெண்டையும் அளக்கறதுக்கு நீங்க வரோணும்னாரு. அந்த ஃபாரத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு."

சீலப் பிரிச்சுட்டாரா? ஆரு சொல்லி?

"நாந்தாண்ணா சொன்னேன். நேத்து சாயங்காலம். உங்ககிட்டக் கேக்காமச் சொல்லிட்டனுங்க."

செரி. நீ போ, பின்னாடியே வர்றேன்னு சொல்லு. இரு, ஒண்ணு கேக்கறேன். பெட்டில இருக்கறது எவ்வளவு காட்டும்னு நெனைக்கற?

பாத்தீங்களா சார், சொல்லாமப் போகுது. என்னக் கஷ்டப்படுத்தப்படாதுன்னு. நான் சொல்றேன், உங்க மிஷினு நல்ல மிஷினா இருந்தா பெட்டில இருக்கறது இருபத்தஞ்சு காட்டும், என்றது எட்டு கொறையும். மிஷின வாங்கிரலாமுங்க. நல்ல மிஷினுதான், நான் கையெழுத்துப் போடறேன்.

அந்த ஒரு மார்க்க நெனச்சாத்தான் சிரிப்பு வருது. கருவி, சுத்துப்பக்கம், ஆளு. நாலாவதா ஒண்ணு இருந்திருக்குது பாருங்க, எதுல வெச்சு அளக்கறமோ அது. கையெழுத்துக்குக் கொறச்சாங்கன்னு இத்தன வருசம் அந்த வாத்தியாரத் திட்டிட்டிருந்தேன்.

உங்க பேனாவச் சித்த குடுங்க. என்றது எழுதாது. இந்தக் காரணம்ங்கற கட்டத்துல பேரு மாத்தோணும். திருநீறுன்னு எழுதுனா மெட்ராஸ்காரனுக்கு வெளங்காது, சாமி குத்தம்னு வேற நெனச்சுக்குவான். சென்னியப்பன்னே எழுதிர்றேன், அது எல்லாத்துக்கும் வெளங்கும். கீழ இருக்கற கட்டத்துல எழுதுனத அடிச்சுப்போடறேன், அத மொதலாளி நெரப்பிக்கட்டும், அது அவரு கட்டம். டயல் மேசைக்கு மறுபடியும் ஆரு வர்றாங்கறத மட்டும் நானே எழுதிர்றேன்.

ஆ, எழுதுது. நல்ல பேனா.

இதோ வந்துட்டேனுங்க மொதலாளி. நீங்க டீயக் குடிச்சுட்டு மெதுவா வாங்க சார், அந்த ஸ்டூல்ல மட்டும் உக்காந்துராதீங்க.